பின்சக்கரத்தின் வில்



கோயமுத்தூரிலிருந்து கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பல்லடத்தைக் கடந்து காங்கயத்தை நோக்கிப் போகிறவர்கள் வழியில் பொங்கலூர் என்னும் ஊரைக் காண்பார்கள். நூற்பாலைகளும், விசைத்தறிக் கூடங்களும், கோழிப்பண்ணைகளும், தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர் அது. ஆனி ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று அங்கே தென்னை மட்டைகளைப் பிய்த்து எறியும். நான் அவ்வூரில் பிறந்தவன். நூற்பாலை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். வானொலி நிலையத்தார் என்னைப் பேச அழைத்தபோது நூற்பைப் பற்றிப் பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். நான் பேசப்போவதோ ஒரு பந்தயக் காரின் பின்சக்கரங்களைத் தாங்கும் வில்லைப் பற்றி. இதற்குக் காரணம் என் தங்கையின் மகன்.

அவனைப் பற்றிச் சொல்வதற்குமுன் என் பாட்டனாரின் வில்வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அக்காலத்தில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று பருத்தியும் எருவும் ஏற்றும் மொட்டை வண்டி. மற்றொன்று பெண்டிர் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் செல்லும் வில்வண்டி. மொட்டை வண்டியில் அச்சின்மேல் நேராகவே பலகை அமர்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் நம் முதுகெலும்பும் அக்கல்லின்மேல் ஏறும். வில்வண்டியிலோ அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில் உண்டு. கல்லின்மேல் சக்கரம் ஏறும்போது வில் நிமிர்ந்து கொடுக்கும்; பெட்டி ஏறத்தாழ தன் நிலையிலேயே மிதந்து செல்லும்.

இதில் ஒரு விந்தையைச் சிறுவனாக இருந்தபோதே நான் கண்டேன். பாட்டியும் அத்தைமாரும் ஆக ஐந்து பேர் ஏறிச் செல்லும்போது தொட்டில்போல் ஆடிய அதே வண்டி, அவர்களை இறக்கிவிட்டு நான் மட்டும் திரும்பி வருகையில் மொட்டை வண்டிக்கு இளைத்ததாக இல்லை. தடதடவென்று குலுக்கியது. "வண்டி நம்மை மதிக்கவில்லை போலும்" என்று நான் பாட்டனாரிடம் குறைப்பட்டேன். "வில்லுக்குப் பாரம் தெரியும், ஆள் தெரியாது" என்றார் அவர். ஐந்து பேர் பாரத்துக்கு அளவாக அடித்த வில், ஒரு சிறுவனின் பாரத்துக்கு மிகவும் விறைப்பானது என்பதே அதன் பொருள். பின்னாளில் கல்லூரியில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியைப் படித்தேன். வில் எவ்வளவு நீள்கிறதோ அல்லது அமுங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் எதிர்விசையும் ஏறும் என்பது அவ்விதி. படித்தபோது எனக்கு வில்வண்டியே நினைவுக்கு வந்தது.

இனி என் மருமகனிடம் வருவோம். அவன் கோவையில் பொறியியல் படித்துவிட்டுத் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறான். தந்தையை இளவயதிலேயே இழந்தவன். என் தங்கைக்கு ஒரே மகன். படிக்கும் நாளிலிருந்தே பந்தயக் கார்களின்மேல் அவனுக்கு ஆசை. அந்த ஆசை கோவை இளைஞனுக்கு வருவதில் வியப்பில்லை. அம்மண்ணின் காற்றிலேயே அது இருக்கிறது.

கோவையின் இலட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்பவரின் பெயரை உங்களுள் சிலர் கேட்டிருப்பீர்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், ஆண்டுதோறும் மோட்டார்ப் பந்தயம் நடந்த நாட்கள் உண்டு. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் முதலிய குடும்பக் கார்களையே கழற்றி, இளைத்து, தாழ்த்தி அங்கே ஓட்டினார்கள். கரிவரதன் பெங்களூரில் செய்யப்பட்ட சிப்பானி டால்ஃபின் என்னும் சின்னஞ்சிறு காரைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு மாற்றினார். பின்னர் 1980களின் பிற்பகுதியில், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டுவதாக இருந்த பந்தயத்தை ஓரளவு மற்றவர்க்கும் எட்டச் செய்த கார் அது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனும் தொடக்கக் காலத்தில் அதை ஓட்டியவரே. கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொங்கலூரிலிருந்து அது தொலைவன்று.

என் மருமகன் வாங்கியது ஒரு பழைய பிரீமியர் பத்மினி. பம்பாயில் செய்யப்பட்டு, 2001ஆம் ஆண்டுக்குள் உற்பத்தி நின்றுபோன கார். அதன் கூரையை அறுத்தான், கதவுகளைக் கழற்றினான், பின்னிருக்கையை எறிந்தான், கனத்த தகடுகளுக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகடுகளைப் பொருத்தினான். முடிவில் இரண்டு பேர் அமரும் திறந்த விளையாட்டுக் கார் ஒன்று எங்கள் களத்து மேட்டில் நின்றது. ஆனால் அதன் பின்புறம் வெட்டுக்கிளிபோல் தூக்கி நின்றது. பாரம் குறைந்துவிட்டதல்லவா? வில் தன் வளைவை மீட்டுக்கொண்டுவிட்டது.

"தாழ்த்திவிட்டால் சரியாகிவிடும் மாமா" என்றான்.

தாழ்த்தினான். முன்சக்கரங்களில் சுருள்வில், அதில் எட்டுச் சுற்றில் ஒரு சுற்றை அறுத்தான். பின்சக்கரங்களில் பட்டைவில், கொல்லர் பட்டறையில் அதன் வளைவைத் தட்டி நிமிர்த்தினான். கார் மூன்றங்குலம் தாழ்ந்தது. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது என்பதை நான் மறுக்க முடியாது.

இங்கே சற்று நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருள்வில்லில் ஒரு சுற்றை அறுப்பதும், பட்டைவில்லின் வளைவை நிமிர்த்துவதும் காரைத் தாழ்த்தும் என்பதில் ஒன்றே. ஆனால் விறைப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. சுருள்வில்லின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. எட்டுச் சுற்று ஏழானால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு ஏறும். நிமிர்த்திய பட்டைவில்லோ பழைய விறைப்போடேயே இருக்கும். ஆகவே அந்தக் காரின் முன்புறம் சிறிது விறைத்தது. பின்புறம் தாழ்ந்தது, ஆனால் விறைக்கவில்லை. சக்கரம் மேலெழுவதற்கு இருந்த இடைவெளி மட்டும் குறைந்துவிட்டது. பின்னச்சுக்கும் உடலுக்கும் நடுவே, அச்சு தகட்டில் மோதாமல் காக்க ஒரு ரப்பர் முட்டு இருக்கும். தாழ்த்தியபின் அந்த முட்டுக்கும் அச்சுக்கும் இடையே மிஞ்சிய இடைவெளி 35 மில்லிமீட்டர். மூன்று விரல்கூட நுழையாது.

இந்தியச் சாலைக் காங்கிரசு வகுத்த அளவின்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலும் கோயிலுக்கு எதிரிலும் ஒரே இரவில் முளைக்கும் வேகத்தடைகள் அந்த அளவைப் படித்தவை அல்ல. அவற்றின்மேல் ஏறும்போதெல்லாம் அந்தக் காரின் பின்னச்சு ரப்பரில் மோதி 'டம்'மென்று ஒலித்தது. அது பொறுக்கத்தக்கது. பொறுக்க முடியாதது வேறொன்று. வளைவில் திரும்பும்போது காரின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் சாயும். அப்போது வெளிப்பக்கத்துப் பின்சக்கரத்தின் வில் அமுங்கி ரப்பரை முட்டும். முட்டிய கணத்தில் மென்மையான வில் கல்லாகிவிடும். வால்புறம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வழுக்கும். ஒருநாள் அவன் இலேசாக அவ்வாறு வழுக்கி, வண்டியை எப்படியோ நிறுத்தி வந்தான். முகம் வெளிறியிருந்தது. "பின்வில் மென்மையாக இருக்கிறது மாமா. விறைப்பாக்க வேண்டும்" என்றான். நோயை அவன் சரியாகவே அறிந்தான். மருந்தின் அளவைத்தான் அறியவில்லை.

நானும் அன்று கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரிங் பிரேமில் இழையை நீட்டும் உருளைகளை அழுத்தும் கைகளுக்குள் சுருள்வில் உண்டு. அழுத்தம் குறைந்தால் பஞ்சு நழுவி நூல் மேடும் பள்ளமுமாய் வரும். மிகுந்தால் ரப்பர் உருளை தேயும். ஆகவே அந்த அழுத்தத்தை அளவுகோல் வைத்து அளக்காமல் ஒருநாளும் விட்டதில்லை நான். ஆலையில் ஓர் இழைக்குக் கொடுத்த கவனத்தை என் வீட்டுப் பிள்ளை ஏறும் வண்டிக்கு நான் கொடுக்கவில்லை.

அவன் ஒரு பழைய வேனின் வில்லிலிருந்து 9 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைகளை எடுத்து, ஏற்கெனவே இருந்த 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஐந்து பட்டைகளோடு பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டினான். ஐந்து ஏழாயிற்று, ஆகவே விறைப்பு ஐந்துக்கு ஏழு என்ற விகிதத்தில் ஏறும் என்று கணக்கிட்டான். பிழை அங்கேதான். பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதம். கனத்துக்கோ கன மடங்கு. இரு மடங்கு கனமுள்ள பட்டை எட்டு மடங்கு விறைப்பானது. 6ஐ மும்முறை பெருக்கினால் 216. ஐந்து பட்டைக்கு 1080. 9ஐ மும்முறை பெருக்கினால் 729. இரண்டு பட்டைக்கு 1458. சேர்க்க வந்த இரண்டும் இருந்த ஐந்தைவிட வலியவை! மொத்தம் 2538. பழைய விறைப்புக்கு ஏறத்தாழ 2.35 மடங்கு.

புரட்டாசி மாதத்தில் ஒரு மாலை, இலேசான தூறல். ஊருக்குத் தெற்கே மேட்டாங்காடுகளுக்கு நடுவே ஒரு சிறு சாலை வளைகிறது. அங்கே அவன் திரும்பியபோது பின்சக்கரங்கள் இரண்டும் ஒருசேரப் பிடிப்பை விட்டன. கார் பம்பரம்போல் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையையே நோக்கி, சோளத்தட்டுப் போருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவனுக்குக் காயமில்லை. எதிரே ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெண்ணும் குழந்தையும். அவர்கள் இன்னும் அரை நிமிடம் முன்னதாக வந்திருந்தால் இந்த உரை நிகழ்ந்திராது.

என் தங்கை அன்றிரவே கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "அண்ணா, நீங்களும் இஞ்சினியர்தானே?" என்றாள்.

மென்மையான வில்லோடு வால் வழுக்கிற்று. விறைப்பான வில்லோடும் வழுக்கிற்று. இது எப்படி என்று கேட்பீர்கள். முதலாவதன் காரணத்தைச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்கிறேன்.

கார் வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை வேகமும், வளைவின் அளவும், வண்டியின் புவியீர்ப்பு மையத்தின் உயரமும், சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் முடிவு செய்கின்றன. வில்லுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆனால் அந்தப் பாரமாற்றத்தை முன்சக்கர இணையும் பின்சக்கர இணையும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை முடிவு செய்வது வில்லே. இருவர் ஒரு பெட்டியைத் தூக்கிச் செல்லும்போது, வளைந்து கொடுக்காதவன் தோளில் சுமை ஏறுவதுபோல், விறைப்பான இணையே பெரும்பங்கை ஏற்கும். அதனால் என்ன கேடு? டயரின் இயல்பில் இருக்கிறது கேடு. பாரம் ஏற ஏற டயரின் பிடிப்பும் ஏறும்; ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. எடுத்துக்காட்டாக, ஒரு டயர் 200 கிலோ பாரத்தில் 200 கிலோ பிடிப்புத் தருவதாகக் கொள்வோம். 300 கிலோ பாரத்தில் அது 300 தராது, 280 தரலாம். 100 கிலோவில் 110 தரலாம். இரு டயரும் சமமாகச் சுமந்தால் கூட்டுப் பிடிப்பு 400. ஒன்று 300, மற்றொன்று 100 என்று சுமந்தால் 390தான். இவ்வாறு எந்த இணையில் பாரம் மிகுதியாக மாறுகிறதோ அந்த இணை முதலில் பிடிப்பை இழக்கும். முன் இணை இழந்தால் கார் திரும்ப மறுத்து நேரே செல்லும். பின் இணை இழந்தால் வால் சுழன்று முன்னே வரும்.

மாருதி போன்ற, முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்கள் இயல்பிலேயே மூக்குக் கனத்தவை, திரும்பத் தயங்குபவை. பந்தயக்காரர்கள் அவற்றின் பின்வில்லை வேண்டுமென்றே விறைப்பாக்கி அத்தயக்கத்தைப் போக்குவதுண்டு. பத்மினியோ பின்சக்கரத்தால் தள்ளப்படும் கார். அதன் பின்சக்கரங்கள் திரும்பும் பிடிப்போடு தள்ளும் பிடிப்பையும் தரவேண்டும். ஒருவருக்கு அமிர்தமான விறைப்பு மற்றவருக்கு நஞ்சாவது இதனால்தான்.

மூன்று மாதம் கழித்து, தைப் பொங்கலுக்குப் பிறகு, தங்கை சாவியைக் கொடுத்தாள். இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். கார் இனிச் சாலையில் ஓடக்கூடாது. மாமன் அளக்காமல் எதுவும் மாட்டக்கூடாது. முதல் நிபந்தனை சட்டத்துக்கும் ஒத்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில், தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதை நாங்கள் முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

அளந்தோம். அளவுக்கு வேண்டிய கருவிகள் எவை என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு எடைமேடை, ஓர் அளவு நாடா, 50 கிலோ கோழித்தீவன மூட்டைகள் நான்கு.

முதலில் வேன் பட்டைகளை அகற்றிப் பழைய வில்லோடு காரை நிறுத்தி, அவனை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, பின்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றினோம். 360 கிலோ. இதில் அச்சு, சக்கரங்கள், டயர்கள் ஆகியவை வில்லுக்குக் கீழே இருப்பவை. வில் அவற்றைச் சுமப்பதில்லை. அவற்றுக்கு 90 கிலோ கழித்தோம். வில்கள் இரண்டும் சுமப்பது 270 கிலோ. பிறகு பின்னச்சுக்கு நேர்மேலே நான்கு மூட்டைகளையும் ஏற்றி, அச்சுக்கும் உடலுக்கும் உள்ள தொலைவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தோம். தரையிலிருந்து அளந்தால் டயரின் நசுக்கமும் சேர்ந்துவிடும். ஆகவே அச்சிலிருந்தே அளந்தோம். ரப்பர் முட்டையும் அந்நேரம் கழற்றியிருந்தோம். 80 மில்லிமீட்டர் இறங்கிற்று. 200 கிலோவுக்கு 80 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ. இதுவே இரு வில்லின் கூட்டு விறைப்பு. வேன் பட்டைகளை மீண்டும் கட்டி அளந்தபோது அதே மூட்டைகளுக்கு 34 மில்லிமீட்டர்தான் இறங்கிற்று. மில்லிமீட்டருக்கு 5.9 கிலோ. 2.35 மடங்கு என்ற கணக்கு பொய்க்கவில்லை. அவன் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விறைப்பு தெரிந்தால் வண்டியின் ஆட்ட வேகத்தையும் அறியலாம். பாரத்தை விறைப்பால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். அதன் வர்க்கமூலத்தை எடுத்து, 15.8ஐ அதனால் வகுத்தால் வண்டி விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பது வரும். 270ஐ 2.5ஆல் வகுக்க 108; அதன் வர்க்கமூலம் 10.4, ஆகவே விநாடிக்கு 1.52 ஆட்டம். வேன் பட்டைகளோடு 2.33. குடும்பக் கார்கள் விநாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேலே ஆடுவன. பந்தயக் கார்கள் இரண்டையும் தாண்டுவன. முன்புறத்தையும் அளந்தோம்: 1.75.

முன்னைவிடப் பின் சற்று வேகமாக ஆட வேண்டும் என்பது மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஆராய்ந்து கண்டது. காரணம் எளிது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் பிந்தி ஏறுகிறது. பிந்தி ஆடத் தொடங்கியது சற்று வேகமாக ஆடினால், முந்தியதை எட்டிப்பிடித்து இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும். பின்புறம் மெதுவானால் கார் மூக்கும் வாலுமாய் ஊஞ்சலாடும். எங்கள் காரில் முன் 1.75, பின் 1.52. அவன் முன்வில்லை அறுத்தபோதே இந்த ஊஞ்சலுக்கு விதையிட்டுவிட்டான்.

அப்படியானால் வேண்டியது எவ்வளவு? முதலில் ரப்பரை முட்டாதிருக்கக் கணக்கிட்டோம். 35 மில்லிமீட்டர் இடைவெளியில், பழைய வில் 87 கிலோ கூடுதல் பாரத்துக்கே முட்டிவிடும். வில் சுமக்கும் 270 கிலோவில் அது மூன்றில் ஒரு பங்கும் இல்லை. பாரம் இரு மடங்காகும் அதிர்ச்சியைக்கூட முட்டாமல் தாங்க வேண்டுமென்றால் மில்லிமீட்டருக்கு 7.7 கிலோ விறைப்பு வேண்டும். அது வேன் பட்டையையும் மிஞ்சிய விறைப்பு. இந்த இடத்தில்தான் அவன், "அப்படியானால் இது முடியாத காரியமா மாமா?" என்று கேட்டான்.

முடியாததல்ல, கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். வில்லை விறைப்பாக்குவது ஒரு வழி. காரைச் சிறிது உயர்த்துவது மற்றொரு வழி. பின்னதைப் பற்றிப் பேசினாலே இளைஞர்களுக்கு முகம் வாடுகிறது. 20 மில்லிமீட்டர் உயர்த்து என்றேன். இரண்டு நாள் வாதாடினான். முடிவில் ஒப்புக்கொண்டான். இடைவெளி 55 ஆயிற்று. இப்போது மில்லிமீட்டருக்கு 4 கிலோ விறைப்பு இருந்தால் 220 கிலோ கூடுதல் பாரம் வரை முட்டாது. ஆட்டம் விநாடிக்கு 1.92. முன்புறத்தின் 1.75ஐவிடப் பத்தில் ஒரு பங்கு வேகம். ஆலி சொன்னதற்கு ஒத்தது. பந்தயத் தடத்தில் வேகத்தடை இல்லை. ஆகவே இது போதும்.

2.5ஐ 4 ஆக்க 1.6 மடங்கு வேண்டும். எட்டுப் பட்டை அடுக்கலாம். எடையும் பட்டைகளுக்கிடையே உராய்வும் ஏறும். நாங்கள் ஐந்து பட்டைகளையே வைத்துக்கொண்டு கனத்தை மட்டும் 6லிருந்து 7 மில்லிமீட்டர் ஆக்கினோம். 7ஐ மும்முறை பெருக்க 343. அதை 216ஆல் வகுக்க 1.59. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் முடிந்துவிட்டது காரியம்! லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறையில் புதிய வில்லெஃகுப் பட்டைகளை வெட்டி, வளைத்து, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பதம் பார்த்துச் செய்து கொடுத்தார்கள். சுருள்வில்லையோ பட்டைவில்லையோ வாயு விளக்கால் சுட்டுத் தாழ்த்துகிறவர்களைப் பற்றி அந்தக் கொல்லரிடம் கேட்டேன். பதம் போன வில் வெறும் இரும்பு என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்துகொண்டார்.

வில்லை மாற்றினால் அதன் துணையையும் மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பர் என்பது அதிர்ச்சியைத் தாங்குவது என்று பெயர் பெற்றிருந்தாலும், அது செய்வது வில்லின் ஆட்டத்தை அடக்குவது. அதற்கு வேண்டிய அடக்குவலிமை விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். 1.6இன் வர்க்கமூலம் 1.26, ஆகவே கால் பங்குக்குச் சற்று மேலே வலிமை கூடிய ஷாக் பொருத்தினோம். மேலும், பின்புறம் விறைத்த அளவுக்கு வளைவில் ஈடு செய்ய, முன்புறத்தில் உள்ள சாய்வு தடுக்கும் முறுக்குக் கம்பியைச் சற்றுப் பருமனாக்கினோம். அக்கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறுவதால், அங்கே ஒரு மில்லிமீட்டருக்கே அஞ்ச வேண்டியிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு செட்டிபாளையம் போனோம். பயிற்சிக்கென்று ஒதுக்கிய நேரத்தில், தலைக்கவசமும் இடைவாரும் அணிந்து அவன் ஓட்டினான். நான் ஒரு சிறு உபாயம் செய்திருந்தேன். பின்சக்கரத்து ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு துண்டுப் பனியன் நூலை இறுக்கிக் கட்டிவிட்டேன். சக்கரம் மேலெழும்போது ஷாக்கின் உடல் அந்த நூலைத் தள்ளிச் செல்லும். இறங்கும்போது நூல் அங்கேயே நின்றுவிடும். அன்று முழுவதும் வில் மிகுதியாக அமுங்கிய இடம் எது என்பதை நூல் சொல்லிவிடும். பந்தயக் குழுக்கள் விலையுயர்ந்த கருவிகள் வைத்திருக்கின்றன. திருப்பூர்க்காரர்களுக்கு நூலுக்கா பஞ்சம்?

தங்கையும் வந்திருந்தாள். வேலிக்கு அப்பால் நின்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி ஒவ்வொரு சுற்றாக எண்ணினாள். ஐந்தாம் சுற்றில் ஒரு வளைவில் வால் இலேசாக வெளியே வந்தது. அவன் திருப்பு சக்கரத்தைச் சிறிது எதிர்ப்பக்கம் திருப்பினான். வால் அடங்கி உள்ளே வந்தது. முன்போல் திடீரென்று அன்று, அறிவித்துவிட்டு வந்தது. பன்னிரண்டு சுற்று முடித்து வந்து நிறுத்தினான்.

குனிந்து பார்த்தேன். நூல், ரப்பரை முட்டும் இடத்துக்கு 7 மில்லிமீட்டர் இப்பால் நின்றுகொண்டிருந்தது.

"அடுத்த தடவை நானும் ஒரு சுற்று ஏறி வருகிறேன்" என்றாள் தங்கை. அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "அப்படியானால் முதலில் எடைமேடைக்குப் போய் வரவேண்டும் அம்மா" என்றான்.